எல்லாவற்றையும் அணைத்த பிறகும் கேட்ட சத்தம்

தினேஷ்,

இதைக் கையில் வாங்கியதும், "இன்னா பா, ஒரே வீட்ல இருந்துகினு லெட்டர் எழுதுறே?" என்று சிரிப்பாய். சிரித்துவிட்டுப் படி. நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் இத்தனை நாளாகப் பார்த்தேன். நம் கார் ஆடியோ கடையில் நான் வாயைத் திறந்தால் நீ ஏதாவது ஒரு வண்டியில் பாட்டைப் போட்டுவிடுகிறாய். வீட்டிலோ உன் அம்மா இருக்கிறாள். அவள் காதில் விழுந்தால் உன் கல்யாணப் பத்திரிகையில் மஞ்சள் தடவிக்கொண்டிருப்பவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அழ உட்கார்ந்துவிடுவாள். போனில் பேசலாமென்றால் எனக்குப் போனில் வார்த்தை பிடிபடுவதில்லை. நீ ஒன்று கேட்க நான் ஒன்று சொல்லி, நீ கத்தி, நான் கத்தி, சண்டையில்தான் போய் முடியும். அதனால் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சுற்றி வளைக்கிற வேலை இருக்காது. என் காது போய்க்கொண்டிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் வயசாகிவிட்டது என்று ஏதோ சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உன் காதும் அதே வழியில் போகிறதோ என்று நினைக்கும்போதுதான் எந்தச் சமாதானமும் கிடைப்பதில்லை. உனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

தி.நகர் சேலைக் கடைக்காரரின் புது வண்டி உனக்கு ஞாபகம் இருக்கும். டிக்கியில் அடிச் சத்தத்துக்கு ஒரு வூஃபர், சீட்டுக்கு அடியில் அதை ஓட்ட ஆம்ப், கதவுகளில் நல்ல ஸ்பீக்கர், சாதாரண வேலைதான். மாட்டி முடித்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். பாட்டு நின்ற இடத்தில் 'ஊய்ங்' என்று மெல்லிசாக ஒரு சத்தம். உடனே எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கேயோ எர்த் சரியாகப் பிடிக்கவில்லை, இன்ஜினோடு சுற்றுகிற ஆல்டர்னேட்டரின் சத்தம் ஸ்பீக்கருக்குள் வருகிறது என்று முடிவு கட்டினேன். டிக்கியில் எர்த் போட்ட இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளவென்று தெரிகிற வரை தேய்த்துத் திரும்ப முடுக்கினேன். போகவில்லை. பவர் ஒயரையும் சிக்னல் ஒயரையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டுவிட்டோமோ என்று கார்ப்பெட்டைத் தூக்கி, ஒன்றை இந்தப் பக்கமும் மற்றொன்றை அந்தப் பக்கமுமாக மாற்றினேன். ஆம்பில் கெயினைக் குறைத்தேன், ஸ்டீரியோவை மாற்றினேன், கடைசியில் ஆம்பையே கழற்றி வேறு ஆம்ப் வைத்தேன். சத்தம் அப்படியே இருந்தது. நீ பக்கத்தில் நின்றுகொண்டு, "பா, எனக்கு ஒண்ணும் கேக்கல பா. வண்டி கிளீனா கீது. டெலிவரி குடுத்துடலாம்" என்றாய். "உனக்கு இன்னாடா தெரியும், ஒழுங்கா கேளு" என்று விழுந்தேன். வண்டிக்காரரும் உள்ளே உட்கார்ந்து கேட்டுவிட்டு, "அண்ணே, எனக்கும் ஒண்ணும் கேக்கலையே" என்றார். "இன்னைக்குக் கேக்காது சார், நாளைக்குக் கேக்கும். அப்ப என்னைத்தான் திட்டுவீங்க" என்று அவரையும் அனுப்பிவிட்டேன். நான் பெரிய வேலைக்காரன் இல்லையா, மற்றவர்களுக்குக் கேட்காதது எனக்குக் கேட்கிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

மறுநாள் மத்தியானம் நீ டீ வாங்கப் போயிருந்தாய். நான் மட்டும் வண்டிக்குள் இருந்தேன். அப்போதுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். ஆல்டர்னேட்டர் சத்தம் என்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கூடவே ஏறும், விட்டால் இறங்கும். கடைக்கு வருகிற எல்லோருக்கும் நீயே சொல்கிற விஷயம்தான். மிதித்தேன். ஏறவில்லை. விட்டேன். இறங்கவில்லை. இன்ஜினை அணைத்தேன். சத்தம் இருந்தது. ஸ்டீரியோவை அணைத்தேன். இருந்தது. இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கி பேட்டரியின் டெர்மினலையே கழற்றிவிட்டு, திரும்ப வந்து கதவுகளைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வண்டியில் அப்போது ஒரு சொட்டு கரண்ட் கிடையாது. ஆனால் அதே 'ஊய்ங்', அதே அளவில், நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. தெரு இரைச்சலில் அதுவரை எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. புது வண்டி, கண்ணாடியை ஏற்றினால் வெளிச் சத்தமே உள்ளே வராது, அதனால்தான் மாட்டிக்கொண்டேன். இரண்டு கையாலும் காதைப் பொத்தினேன், இன்னும் தெளிவாகக் கேட்டது. நீ டீயோடு வந்து கண்ணாடியைத் தட்டியபோது நான் டெர்மினலைக்கூடத் திரும்ப மாட்டியிருக்கவில்லை. "எர்த்துதான்டா, சரி ஆயிடுச்சு" என்று பொய் சொன்னேன். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சிரித்தாய். நானும் கூடச் சிரித்துவைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. உன் அம்மா அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, "மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க, இதோ குளத்தாண்ட போய் பூ வாங்கிக்கினு வந்துடுறேன்" என்று போனாள். நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வரும்போது தெருமுனையிலேயே தீய்ந்த வாடை அடித்திருக்கிறது. "பக்கத்து வூட்டுக்காரி ஏழெட்டு விசில் எண்ணியிருக்கா, உங்களுக்குக் காது இன்னா செவுடா?" என்று கத்தினாள். தூங்கிவிட்டேன் என்று பூசி மெழுகினேன். நம் வீட்டுக்குப் பின்னால் பறக்கும் ரயில் போவது எனக்குத் தெரிகிறது, மேசையில் தண்ணீர் டம்ளர் லேசாக அதிரும். ஆனால் அது வளைவில் போடுமே ஒரு கிறீச் சத்தம், நீ சின்னப் பையனாக இருந்தபோது அதைக் கேட்டுப் பல் கூசுகிறது என்று அழுவாயே, அது இப்போது எனக்கு வருவதில்லை. அடிச் சத்தம் இருக்கிறது, மேல் சத்தம் போய்விட்டது. மேல் சத்தம் தருகிற ட்வீட்டர் எரிந்துபோன செட் எப்படிப் பாடுமோ அப்படித்தான் எனக்கு உலகமே இப்போது கேட்கிறது.

உங்கள் யாருக்கும் சொல்லாமல் ஆழ்வார்பேட்டையில் ஒரு காது டாக்டரிடம் போனேன். ஆடியோ கம்பெனிக்காரர் ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்று அன்று உன்னிடம் சொன்னது அதற்குத்தான். டாக்டர் பார்த்துவிட்டு டெஸ்டுக்கு அனுப்பினார். ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு, நாம் வூஃபர் பெட்டிக்கு உள்ளே ஒட்டுவோமே, அந்த மாதிரி. தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்குங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் வந்த சத்தங்கள் நன்றாகக் கேட்டன. அமுக்கினேன். பிறகு ஒன்றுமே வரவில்லை. என் 'ஊய்ங்' மட்டும்தான். ஆனால் அந்தப் பெண்ணின் கை அசைந்துகொண்டே இருந்தது. அவள் ஏதோ சத்தம் அனுப்புகிறாள், எனக்குத்தான் கேட்கவில்லை என்று புரிந்தபோது எனக்கு ஒரு கிறுக்குத்தனம் வந்தது. அவள் கை அசைகிற நேரம் பார்த்துப் பொத்தானை அமுக்க ஆரம்பித்தேன். இத்தனை வருஷமாக ஊருக்கே சத்தம் மாட்டிக் கொடுத்தவன், ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து திருட்டுத்தனமாகக் காப்பியடித்தேன்.

அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். உன் வயசுதான் இருக்கும். "சார், நான் சும்மா பேனாவை நகர்த்தி வெச்சேன். சத்தமே குடுக்கல. எதுக்கு அமுக்குனீங்க?" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "கேட்ட மாதிரி இருந்துச்சும்மா" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுவிட்டு, "இது பரீட்சை இல்ல சார், பாஸ் ஆகறதுக்கு. கேக்கலன்னா கேக்கலன்னு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு உண்மையான டெஸ்ட் நடந்தது. டாக்டர் காட்டிய படத்தில் கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கியிருந்தது. போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், காதில் மெஷின் வைத்துக்கொண்டால் பேச்சு கொஞ்சம் தெளியும் என்றார். அந்த 'ஊய்ங்' பற்றிக் கேட்டேன். உள்ளே கெட்டுப்போனதன் அடையாளம்தான் அது, அது இருந்துகொண்டேதான் இருக்கும், பழகிக்கொள்ள வேண்டும் என்றார். எழுதிக்கொண்டே, "வீட்ல வேற யாராவது இந்தத் தொழில்ல இருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. உன் பேரை அந்த அறையில் சொன்னால் உனக்கும் ஒரு காகிதத்தில் கோடு போட்டுவிடுவார்கள் என்று தோன்றியது போலிருக்கிறது.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தபோதுதான் உன்னைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன், அன்றிலிருந்து நிறுத்த முடியவில்லை. அடையாறில் இருந்து ஒரு அம்மா வண்டி விட்டிருந்தாரே, நீதான் செட் பண்ணிக் கொடுத்தாய். இரண்டாம் நாள் அவருடைய டிரைவர் திரும்பக் கொண்டுவந்து, "இன்னா நைனா இது, காதுல ஊசி குத்துற மாதிரி கீது. அம்மா பாட்டே வேணாம்ன்றாங்க" என்றான். நீ ஸ்பீக்கர் புதுசு, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பப் பார்த்தாய். நான் போய் செட்டைப் பார்த்தேன். மேல் சத்தத்துக்கான ட்ரெபிளை உச்சிக்கு ஏற்றி வைத்திருந்தாய். எனக்குக் கேட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, ஏனென்றால் அதே வேலையைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன். எனக்குப் பாட்டு மந்தமாகக் கேட்கும். ஸ்பீக்கர் சரியில்லை என்று நினைத்து ட்ரெபிளை ஏற்றுவேன். எனக்குச் சரியாக வந்ததும் டெலிவரி கொடுப்பேன். வாங்கிப் போனவர்கள் குத்துகிறது என்று திரும்பி வருவார்கள். கம்பெனியைத் திட்டிவிட்டு வேறு ஸ்பீக்கர் மாட்டுவேன். நம் தொழிலில் மட்டும்தான்டா இப்படி ஒரு தப்பு நடக்கும். நம் காதில் இருக்கிற ஓட்டையை அடைக்க ஊரான் வண்டியில் ஏற்றி வைப்போம். உன் காது நன்றாக இருந்திருந்தால் அந்த வண்டியில் நீ ஏன் அவ்வளவு ஏற்றினாய் என்று நானும் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். வேறு பதில் கிடைக்கவில்லை.

உன் நிச்சயதார்த்தத்து அன்றைக்கு வினோதினி உன் வலது பக்கம் நின்றிருந்தாள். ரொம்ப மெதுவாகப் பேசுகிற பெண். என்னிடம் அவள் ஏதோ கேட்டதற்கு நான் "நல்லா இருக்கேன்மா" என்றேன். அவள் காபிக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டாளாம், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அது போகட்டும். அவள் உன்னைக் கூப்பிட்டாள். நீ திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். மேடையில் அப்போது மேளம்கூட இல்லை. அவள் உன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பினாய். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள், முகம் வாடிப்போயிற்று. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் கதவு ட்வீட்டர் உன் வலது காதுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. போன வாரம் உன் அம்மா பேச்சோடு பேச்சாக, "இவன் இன்னாங்க, போன்ல மழை சத்தம் போட்டுக்கினுதான் தூங்குறான், இல்லன்னா தூக்கமே வரலையாம்" என்று சொன்னாள். அவளுக்கு அது ஒரு வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. ஏனென்றால் நான் எதற்காக ஃபேனை அவ்வளவு வேகமாக வைத்துக்கொண்டு தூங்குகிறேன் என்று எனக்குத்தானே தெரியும்.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். டிக்கியில் இரண்டு பெரிய வூஃபர் வைத்தாய். ஒவ்வொன்றிலும் நாலு ஓமில் இரண்டு காயில். உன்னிடம் அப்போது இருந்தது இரண்டு ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாத ஆம்ப். ஓம் குறையக் குறையச் சத்தம் கூடும் என்று நீ எல்லாவற்றையும் பேரலலாகக் கோர்த்து ஒரு ஓமில் கொண்டுபோய் நிறுத்தினாய். பாட்டு கொஞ்சம் ஏறினதும் ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றுபோகும். நீ ஆம்ப் டப்பா என்றாய். ஒரு வூஃபரில் இருக்கிற இரண்டு காயிலையும் சீரீஸில் போட்டு, பிறகு இரண்டு வூஃபரையும் பேரலலில் சேர், நாலு ஓம் வரும், சத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் ஆம்ப் பிழைக்கும் என்று நான் சொன்னேன். அந்தச் சண்டை உனக்கு மறந்திருக்காது. "நாலு ஓம்ல எவன் பா ஓட்டுவான்? பசங்க சிரிப்பானுங்க" என்றாய். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று நீ தோற்றுப்போய் நாலு ஓமில் போட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் நீ விடவில்லை. ஒரு ஓமைத் தாங்குகிற பெரிய ஆம்பாகப் பார்த்து வாங்கிவிட்டாய். மேட்சிங் சரியாகத்தான் பண்ணினாய், அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டிருக்கிறாய், ஒயர் தடிமன் சரி, கெயினையும் மீட்டர் வைத்துத்தான் செட் பண்ணினாய், காயில் கருகுகிற வாடை ஒரு நாளும் வந்ததில்லை. இப்போது அந்த ஆம்பில் சிவப்பு விளக்கு எரிவதே இல்லை. அதுதான்டா எனக்குப் பயம். முன்னாலாவது விளக்கு எரிந்து பாட்டு நின்றது, உன் காதுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. இனிமேல் உன்னை நிறுத்த அந்த வண்டியில் ஒன்றுமே இல்லை.

கல்யாணம் முடிந்த மறுவாரம் ஈ.சி.ஆர். பக்கம் நடக்கிற போட்டிக்கு இரண்டு வூஃபரை நாலாக்கப் போகிறாய் என்று உன் சிநேகிதன் சொன்னான். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே ஒருவன் உட்கார வேண்டும், மீட்டர் எவ்வளவு சத்தம் காட்டுகிறதோ அதற்குப் பரிசு. நீதான் உள்ளே உட்காரப்போகிறாய். பேஸ் காதைக் கெடுக்காது, மார்பில்தான் அடிக்கும் என்று சொல்வாய், தெரியும். பேஸை ஏற்றினால் பாட்டு அதில் புதைந்துபோகும், அதைத் தூக்க ட்வீட்டரையும் ஏற்றுவாய், அது மார்பில் அடிக்காது. உள்ளே கெட்டுப்போனதன் அடையாளம் அந்த 'ஊய்ங்' என்று டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். மனுஷனுக்கு வைத்த சிவப்பு விளக்கு அதுதான் போல. அது எரிந்துகொண்டிருக்கும்போது நான் சேலைக் கடைக்காரர் வண்டியில் எர்த்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் கேட்காமல் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை கடையில் கரண்ட் போயிற்றே, அப்போது கேட்டேன். எதிர் மெக்கானிக் கடையும் மூடியிருந்தது, தெருவில் ஆட்டோகூட இல்லை, நம் பேட்டையில் அப்படி ஒரு அமைதி எப்போது கிடைக்கும்? நீ ஸ்டூலில் உட்கார்ந்து ஒயரைச் சீவிக்கொண்டிருந்தாய். உன் எதிரில் வந்து நின்று, "நைனா, இப்ப உனக்கு ஏதாவது கேக்குதா?" என்றேன். நீ தலையைத் தூக்கவில்லை. சீவிக்கொண்டே, "இன்னா கேக்கும்? கரண்ட்டே இல்லியே" என்றாய். "அது தெரியும்டா. ஏதாவது கேக்குதான்னுதான் கேக்குறேன்." நீ என்னைப் பார்த்தாய். ஒரு நிமிஷம், சொல்லப்போகிறாய் என்றே நினைத்தேன். உன் முகம் அப்படி இருந்தது, பள்ளிக்கூடத்தில் இருந்து கையில் அடிபட்டு வந்து, வலிக்கவில்லை என்று சொல்வதற்கு முன்னால் நிற்பாயே, அதே முகம். பிறகு, "ஒண்ணும் கேக்கல பா" என்றாய். சொன்ன கையோடு போனை எடுத்துப் பாட்டைப் போட்டுவிட்டாய். பாட்டுக்காகப் போட்ட மாதிரி இல்லை, என்ன பாட்டு வருகிறது என்றுகூட நீ பார்க்கவில்லை. நான் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டு, நீ ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு கோழைத்தனம்.

கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எத்தனையோ முறை மனசைத் தேற்றிக்கொண்டேன். பெண் வீட்டுக்காரர்கள் ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்றும் பயந்தேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் தினமும் சாயந்திரம் நீ அந்த வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்காருவதைப் பார்க்கிறேன். நம்பர் பிளேட் அதிருகிறது, கடை ஷட்டர் அதிருகிறது. வெளியே நிற்கிற எனக்கே பல் அதிருகிறது, உள்ளே நீ கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருக்கிறாய். ஓடிவந்து கதவைத் திறந்து உன்னை வெளியே இழுத்துப் போட வேண்டும் போல இருக்கும். ஒரு நாள் கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டேன். நீ கண்ணைத் திறந்து கட்டை விரலைக் காட்டினாய், எப்படிக் கீது என்று. நானும் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போய்விட்டேன். வெட்கக்கேடு.

தொழிலை விடச் சொல்லவில்லை. அதை விட்டால் உனக்கும் எனக்கும் வேறு என்ன தெரியும்? சின்ன வால்யூமில் செட் பண்ணு, கெயினுக்கு மீட்டர் இருக்கிறது, அதற்குக் காது எதற்கு? ட்ரெபிள் எவ்வளவு வேண்டும் என்று வண்டிக்காரரையே கேள், இல்லையென்றால் வினோதினியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல், அந்தப் பெண்ணுக்கு நல்ல காது. ஓங்கிப் போட்டுப் பார்க்க வேண்டிய வண்டியில் காதில் அடைப்பு வைத்துக்கொண்டு உட்கார். உன் மானம் ஒன்றும் போய்விடாது, போனால் என் மேல் பழியைப் போடு, கிழவன் தொல்லை தாங்கவில்லை என்று சொல். நாலு வூஃபரை மட்டும் வைக்காதே. இதில் உன்னிடம் கெஞ்சவும் தயாராக இருக்கிறேன். நாளைக்கு உன் வீட்டில் ஒரு குழந்தை முதல் முதலாக ஏதோ உளறும், எல்லாக் குழந்தையும் மெல்லிசாகத்தான் உளறும். அந்தச் சத்தமெல்லாம் அந்தக் கோடு கீழே இறங்குகிற இடத்தில்தான்டா இருக்கிறது. டாக்டர் விரலை வைத்துக் காட்டினார்.

சனிக்கிழமை காலையில் ஆழ்வார்பேட்டையில் உன் பேருக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். டாக்டரிடம், அன்று பொய் சொன்னேன், பையன் இருக்கிறான், இதே தொழில்தான் என்று சொல்லிவிட்டேன். உன் அம்மாவிடம் பத்திரிகை வைக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம், அந்த ஒரு பொய் மட்டும் இருக்கட்டும். நானும் கூட வருகிறேன். உன்னை அந்தச் சின்ன அறைக்குள் உட்கார வைப்பார்கள். கண்ணாடி வழியாக அந்தப் பெண்ணின் கை தெரியும். பார்க்காதே, கண்ணை மூடிக்கொள். கேட்டால் மட்டும் அமுக்கு. கேட்காத இடத்தில் கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திரு, என்னை மாதிரி திருடாதே. கோடு நேராக வந்தால் வெளியே வந்து என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, பைத்தியக்காரன் என்று ஊரெல்லாம் சொல், தெருவில் நின்று கேட்டுக்கொள்கிறேன். அப்படி வரவில்லையென்றாலும் என்னிடம் மறைக்காதே. நான் வெளியே பெஞ்சில்தான் இருப்பேன். நேராக வந்து என் முகத்துக்கு எதிரே நின்று சொல். கத்த வேண்டாம், அங்கே நாலு பேர் இருப்பார்கள். மெதுவாகவே சொல். உன் உதட்டைப் பார்த்தே நான் புரிந்துகொள்வேன். கொஞ்ச நாளாக உன் பேச்சை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பா